மருமகன் கையில் என் பட்டை

அந்தப் பட்டையைக் கண்டாலே எனக்குப் பயம். மணிக்கட்டில் மாட்டிவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான் பெரியவரே" என்றார் மேனேஜர். நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை நான் நம்பியதே இல்லை.

எங்கள் சலவை ஆலைக்கு ஆஸ்பத்திரி விரிப்புகள் வரும். கிழிந்ததைத் தைப்பது என் வேலை. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் பட்டை. முக்கால் மணிக்கொரு தரம் கையில் விர்ரென்று அதிரும். எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். நடந்த கணக்கு சுவரிலுள்ள பெரிய திரையில் ஏறும்; முதலில் வருகிறவருக்குப் பரிசு. நாடித்துடிப்பு நர்ஸம்மா அறைக்குப் போகும்.

அந்த நாடிதான் என் பயம். ஆறு மாதமாகப் படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பட்டையைக் கழற்றி மருமகன் கையில் கட்டினேன். அதே ஆலையில் துணிவண்டி தள்ளுகிறான். நடந்துகொண்டே இருக்கிறவன், அவனுக்குப் பட்டை கிடையாது. காளை மாதிரி உடம்பு.

"மாட்டிக்கிட்டா ரெண்டு பேர் வேலையும் போயிடும் மாமா."

"முழுக்கைச் சட்டைதானே போட்டிருக்கே? வாயை மூடிக்கிட்டு வண்டியைத் தள்ளு."

"பரிசு வந்தா பாதி எனக்கு."

மூன்றாம் நாள் திரையில் நான்தான் முதல். விரிப்பு மடிக்கிற அம்மா, "என்ன பெரியவரே, உக்காந்த இடத்துலயே ஊரைச் சுத்துறீங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து தையலைப் பார்த்தேன்.

அன்று மதியமே நர்ஸம்மா கூப்பிட்டனுப்பினார்.

"மயக்கம் வருதா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஒரு கோடு கோணல்மாணலாக ஓடியது. "மூணு நாளா மதியத்துல துடிப்பு தாறுமாறா இருக்கு. இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். விட்டா உயிருக்கே ஆபத்து."

அது என் நெஞ்சு இல்லை. என் மகளின் புருஷன் நெஞ்சு.

உடனே சொன்னேனா? இல்லை. சாயங்காலம் அவனை மட்டும் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம், வேலையும் தப்பும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை, மறைத்து என்ன ஆகப்போகிறது.

"இப்போ துடிப்பு நூத்தி எழுபது காட்டுது!" நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

சட்டைக் கையை மேலே தள்ளி வெறும் மணிக்கட்டைக் காட்டினேன். "மருமகன் கையில இருக்கும்மா. வண்டி தள்றவன்."

பையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். நானும் ஓடினேன். என் நெஞ்சு இடித்தது, இடிக்கட்டும் என்று ஓடினேன்.

மருமகன் ஈர விரிப்புக் குவியலில் சாய்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறம். "என்ன மாமா, ஓடவேண்டியது நான்தானே?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"பேசாதேடா."

மேனேஜர் வந்துவிட்டார். "இவன் கைக்குப் பட்டை எப்படி வந்துச்சு?"

"நான்தான் கட்டினேன். எந்தக் காகிதத்துல கைநாட்டு வேணுமோ வாங்கிக்கோங்க. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

ஆம்புலன்ஸில் வந்த ஆள் மருமகன் கையிலிருந்து பட்டையைக் கழற்றப் போனான். வேண்டாம் என்று அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டேன். எனக்கு எழுத்து வராது, எண் மட்டும் தெரியும். கூட ஏறிய நர்ஸம்மாவின் போனிலும் பட்டையின் துடிப்பு ஓடியது: நூற்று அறுபத்தைந்து. மகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு போனேன்.