ஏழு மணி ஊசி

மாலை ஏழு மணிக்கு ஊசி போட்டாக வேண்டும். முன்பின் ஆனால் கருமுட்டைகள் வீண் என்று இபாடான் நகர மருத்துவமனை நர்ஸ் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். பத்து நாளாக என் வயிற்றில் நானே குத்திக்கொண்டதெல்லாம் இந்த ஓர் ஊசிக்காகத்தான். நாளை மறுநாள் காலையில் முட்டைகளை எடுப்பார்கள். ஸ்கேனில் தெரிந்தவை மூன்றே மூன்று.

நான் ரோன்கே. வயது முப்பத்தொன்பது. கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். பிள்ளை பெறாதவள் வாயைத் திறந்தாலே கோபம்தானே!

அன்று பார்த்துக் கொழுந்தன் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் விழா. மூத்த மருமகள் போகாவிட்டால் பொறாமை என்பார்கள். என் கணவர் அகின் தொலைவில் போர்ட் ஹார்கோர்ட் நகரில் வேலையாக இருந்தார். யாரிடமும் மூச்சு விடாதே என்று போனில் சொன்னதோடு அவர் பங்கு முடிந்தது. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

பெயர் காலையிலேயே வைத்தாகிவிட்டது. சாப்பாடும் பாட்டும் மைக்கும் மட்டும் ஓயவில்லை. ஆறரைக்கு மாமியார் குழந்தையைத் தூக்கிவந்து என் முதுகில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பிள்ளையில்லாதவள் பிள்ளையைச் சுமந்தால் அது இன்னொன்றைக் கூப்பிட்டுவரும் என்றார். தானாக விழிக்கும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதுகு பழகினால் வயிறும் பழகிவிடும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளறைக்குப் போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஊசி போட வேண்டிய இடத்தில்தான் துணியின் முடிச்சு இருந்தது. முடிச்சைத் தளர்த்தினால் குழந்தை சரிந்தது. மண்டியிட்டு, குழந்தை முதுகில் படுக்கும்படி குனிந்தேன். ஒரு கையைப் பின்னால் கொடுத்தால் மறு கை மட்டும் போதவில்லை. வாசலில் அறுபது பேர் இருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கை கேட்க எனக்கு அதில் ஒருவரும் இல்லை. அழுகை வந்தது.

கதவு திறந்தது. என் ஓர்ப்படி மொஜிசோலா, குழந்தையைப் பெற்றவள், பால் கொடுக்க வந்திருந்தாள். என் கையில் ஊசியைப் பார்த்தாள். தீர்ந்தது கதை, இனி ஊருக்கே தெரியும் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து குழந்தையை அணைத்துப் பிடித்தாள்.

"போடுங்கக்கா. நான் பிடிச்சுக்கிறேன்."

சரியாக ஏழு மணிக்குப் போட்டேன்.

"குத்தின எடத்தைத் தேய்ச்சிராதீங்க," என்றாள். "நாளன்னைக்குக் காலையிலதானே முட்டை எடுக்கறாங்க?"

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் விழித்தேன். அவளும் இதே ஊசியைப் போட்டுக்கொண்டவள் என்று புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"ஜெபத்துல உண்டான பிள்ளைன்னு சர்ச்சுல மைக் பிடிச்சுச் சொன்னியேடி. அதைக் கேட்டுத்தானே நான் டாக்டரை விட்டுட்டு, ஜெபமலையில இருபத்தொரு நாள் பட்டினி கெடந்தேன். அப்ப எனக்குப் பத்து முட்டை இருந்துச்சு."

அவள் தலை நிமிரவில்லை. "வெளிய சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கிட்டாருக்கா. நீங்களும்தான் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

அண்ணன் தம்பி இருவரும் ஒரே பால் குடித்தவர்கள்தானே!

வாசலில் மைக் அவள் பெயரைக் கூப்பிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். குழந்தை இன்னும் விழிக்கவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். "ஜெபமலையில் முழங்காலில் நின்றேன், ஆண்டவர் கொடுத்தார்," என்று அவள் மைக்கில் சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை. கூட்டம் ஆமென் என்றது.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷமாம், இன்னும் ஒன்றும் இல்லையாம். என் முதுகிலிருந்த குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்த ஜெபமலை எங்கக்கா இருக்கு?" என்றாள்.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழி சொன்னேன்.