மூன்று கால் எந்தப் பக்கம்

யாராவது என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டால் இருபத்தெட்டு வருஷமாக எனக்கு ஒரே பதில்தான்: "டாக்டர் உள்ளே இருக்கார், நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வை பார்த்துக் கண்ணாடி எழுதுறவ." தீர்த்தஹள்ளியில் ஒருவர் காதிலும் அது ஏறியதில்லை. பாதிப் பேருக்கு நான் டாக்டரம்மா, மீதிப் பேருக்கு வெறும் வாரிஜா.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. மருத்துவம் படிக்க மதிப்பெண் போதவில்லை. பெங்களூரில் இதற்கு இடம் கிடைத்தது, சேர்ந்தேன். தொண்ணூற்றாறில் பட் டாக்டரின் கண் மருத்துவமனையில் வேலைக்கு வந்தபோது என் பெட்டியில் வங்கித் தேர்வுப் புத்தகங்கள்தான் நிறைய. ஆறு மாதம் ஒப்பேற்றிவிட்டு ஓடிவிடுவதாகத் திட்டம். இருபத்துமூன்று வயது. வாய் நீளம், தலைக்கனம் அதற்கும் மேல்.

என் அறை பத்தடிதான். பார்வை பார்க்க இருபதடி வேண்டும். அதுவரை அட்டையைப் பத்தடியிலேயே மாட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். படித்தவள் நான் விடுவேனா? அட்டையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்தேன். அதில் பார்த்தால் பத்தடி இருபதடியாகிவிடும். நிலைக்கண்ணாடியில் எழுத்து இடவலமாக மாறித் தெரியும் என்பதால், மாற்றி அச்சடித்த எழுத்து அட்டையை பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கான, E போன்ற குறி நாலு பக்கமும் திரும்பியிருக்கும் மூன்று கால் அட்டை மட்டும் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் எழுத்து எங்கே இருக்கிறது? மூன்று கால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே.

ஜூலை மாதம், மழை கொட்டும் ஒரு காலையில் தேஜப்ப ஷெட்டி வந்தார். ஆகும்பே மலைப்பாதையில் இருபது வருஷமாகத் தனியார் பஸ் ஓட்டுபவர். நாற்பத்தெட்டு வயது. வருஷா வருஷம் பஸ் முதலாளிக்குக் கண் சான்றிதழ் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி என்றார். மூன்று கால் அட்டையைத் திருப்பினேன்.

"கால் எந்தப் பக்கம்?"

இடது கையை நீட்டினார். என் கையிலிருந்த விடைத்தாளில் வலது. அடுத்தது மேலே, சரி. அடுத்தது வலது கை, தாளில் இடது. மேலும் கீழும் சரியாகவும், பக்கவாட்டில் எல்லாம் தப்பாகவும் வந்தது. எந்த லென்ஸ் போட்டாலும் அப்படியே. குருட்டாம்போக்கில் அடித்துவிடுகிறார் என்று முடிவு கட்டினேன்.

"அம்மா, பளிச்சுனு தெரியுது மாராய்ரே! கால் இடது பக்கந்தான் இருக்கு." மலையடிவாரத்துக்காரர், யாரானாலும் அவருக்கு மாராய்ரேதான்.

"பஸ் ஓட்டுறவருக்கு இடது எது, வலது எதுன்னே தெரியலைன்னா, ஏறுறவங்க கதி என்ன?" என்றேன்.

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பட் டாக்டர் முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் குறிப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டார்: வண்டி ஓட்டத் தகுதியில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, மழையால் ஆளே வராத ஒரு மதியம், கஷாயக் கோப்பையோடு நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. நிலைக்கண்ணாடியில் மூன்று கால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு தெரிந்தது. விளையாட்டாக இடது கையை நீட்டினேன். விடைத்தாளைப் பார்த்தேன். வலது.

அடிப்பாவி! எழுத்தை இடவலமாக மாற்றுகிற கண்ணாடி, காலை மட்டும் விட்டுவைக்குமா?

பதிவேட்டைப் புரட்டினேன். நிலைக்கண்ணாடி மாட்டிய ஆறு வாரத்தில் மூன்று கால் அட்டை பார்த்தவர்கள் பதினேழு பேர். அத்தனை பேரின் பக்கவாட்டுத் தப்பையும் அவர்கள் தலையிலேயே போட்டிருந்தேன். எல்லோரையும் திரும்ப வரச் சொல்லித் தபால் அட்டை எழுதினேன். பதினேழில் ஒருவருக்கு மட்டும் தபால் போதாது. மறுநாள் அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

ஷெட்டி பஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பஸ்ஸையேதான், ஆனால் ஓட்டப்போகிறவர் வேறு ஆள்.

"தப்பு உங்க கண்ணுல இல்ல, என் தலைல," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. என்ன நடந்தது என்று சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எல்லார் முன்னாடியும் சிரிக்க வச்சீங்க. எல்லார் முன்னாடியும் இப்பவே பாருங்க."

பஸ் கொட்டகைச் சுவரில் அட்டையை மாட்டி, இருபதடி அளந்தேன். டிரைவர்கள், கண்டக்டர்கள், டீக்கடைக்காரர் என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசி வரி வரைக்கும் ஒரு தப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "ஹோ" என்று கத்தியது. கடைசியில் ஒரு கண்டக்டர், "டாக்டரம்மா, உங்களுக்கு யாரு சான்றிதழ் குடுத்தது?" என்று கேட்டான். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

பட் டாக்டர் அன்றைக்கே ஷெட்டிக்குப் புதுச் சான்றிதழ் எழுதினார், நிலைக்கண்ணாடி என் வீட்டுக்குப் போனது. அறைக் கதவைத் திறந்து வைத்து, வராந்தாவின் கடைசிச் சுவரில் அட்டையை மாட்டினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வங்கித் தேர்வு எழுதப் போகவில்லை. ஏன் என்று அப்பா கேட்டபோது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சரியான லென்ஸ் விழுந்த நொடியில் ஒருவரின் நெற்றிச் சுருக்கம் தளரும், பாருங்கள், அதைத் தினம் பத்து முறை பார்க்கிறவள் வங்கியில் போய் என்ன செய்வாள்? எனக்கு இந்த வேலை மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஷெட்டி வருஷந்தோறும் பலாப்பழ அப்பளக் கட்டோடு வருவார். உள்ளே நுழையும்போதே, "நிலைக்கண்ணாடியை எடுத்தாச்சா டாக்டரம்மா?" என்பார். "எடுத்தாச்சு, உட்காருங்க," என்பேன். அது எங்கள் வழக்கம்.

எட்டாவது வருஷமும் அதையே கேட்டார், அதையே சொன்னேன். அவருடைய வலது கண்ணை மூடினேன்.

இடது என்று காட்டினார். அட்டையில் கால் மேலே இருந்தது. அடுத்ததும் தப்பு. மேல், கீழ், இடது, வலது எல்லாமே தப்பு. லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டேன். மற்ற கண்ணும் அப்படித்தான். அவர் அட்டை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் அந்த நிலைக்கண்ணாடியை மாட்டிட்டீங்களா, அம்மா?" என்றார் மெதுவாக.

ஆமாம் என்று சொல்ல முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"இல்ல, ஷெட்ரே. நேரேதான் இருக்கு."

பட் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். சர்க்கரை நோய், இரண்டு விழித்திரையிலும் நடுவில் ரத்தம் கசிந்திருந்தது. இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது. தகுதியில்லை என்ற அதே வார்த்தையை இரண்டாம் முறை எழுதினேன்.

"முன்னாடி எழுதினது தப்பு," என்றார் ஷெட்டி. "இது?"

"நாலு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப சரிதான். நீங்க சொன்னா சரிதான்."

அன்றைக்கு அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொட்டு மருந்து விட்ட கண்ணோடு தனியாக அனுப்ப மனம் வரவில்லை. விடுப்புச் சொல்லிவிட்டு மலைக்குக் கீழே ஹெப்ரியில் இருக்கும் அவர் வீட்டுக்கு நானே அழைத்துப் போனேன். பஸ்ஸில் முதல் இருக்கை. ஓட்டியது ஒரு புது ஆள். ஆகும்பே தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஷெட்டி கண்களை மூடிக்கொண்டார். பிறகு, அட்டைக்குக் காட்டுவது போலவே, இடது கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் பஸ் இடப்பக்கம் திரும்பியது. அடுத்து வலது கை. அடுத்து இடது. ஒவ்வொரு வளைவுக்கும் பஸ்ஸுக்கு முன்னால் அவர் கை திரும்பியது. நான் அழுவதை அவர் பார்க்க முடியாது என்பதால் தாராளமாக அழுதேன்.

சோமேஸ்வரத்தில் சாலை சமதளமானதும் கேட்டார்: "எத்தனை தப்பு டாக்டரம்மா?"

"ஒண்ணுகூட இல்ல."

"எழுதிக் குடுங்க."

என்னிடம் பேனா இருந்தது, காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பதினான்கு வளைவு, பதினான்கும் சரி என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.