பத்து லட்சமாவது மைல்

"தீவகத்தின் வரலாற்றிலும், இலங்கை மணித்திருநாட்டின் போக்குவரத்து வரலாற்றிலும், ஏன், ஆசியாக் கண்டத்தின் இயந்திர வரலாற்றிலுமே பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டிய மகத்தான நிகழ்வொன்று எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12.12 மணிக்குக் கூடுகின்ற சுபவேளையில் புளியங்கூடல் கோயில் வாசலில் நடைபெற இருக்கின்றது என்பதை இத்தால் சகலருக்கும் பேருவகையுடன் அறியத் தருகின்றோம். அகில இலங்கைச் சமாதான நீதவான் திரு. க. பரராசசிங்கம் அவர்களின் ஒஸ்ரின் ஏ-40 மோட்டார் வாகனமானது அன்றைய தினம் தனது பத்து லட்சமாவது மைலைப் பூர்த்தி செய்கின்றது. இது சந்திரனுக்கு இரண்டு தரம் போய், இரண்டு தரம் திரும்பி வந்த தூரமாகும். ஐந்து இலக்க மீற்றரானது ஏற்கெனவே ஒன்பது தரம் லட்சம் நிறைந்து சுழியத்துக்குத் திரும்பியுள்ளது. இன்றைய மீற்றர் நிலவரம்: 99,994. எஞ்சியிருப்பது ஆறே ஆறு மைல். அனைவரும் வருக. மதிய போசனம் உண்டு."

இந்த அறிவித்தல் ஊர்காவற்றுறைச் சந்தையிலும், நாரந்தனைச் சந்தியிலும், அனலைதீவுக்குப் படகு வெளிக்கிடுகிற துறையடியிலும் ஒட்டப்பட்டிருந்தது. வாசித்தவர்களில் அநேகர் கடைசி வரியோடு திருப்தி அடைந்துவிட்டார்கள். துறையடித் தேத்தண்ணிக் கடைக் கதிர்காமு மட்டும் முழுவதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சந்திரனுக்கு ரண்டுதரம் போய் வந்ததோ? பக்கத்திலை இருக்கிற குறிகட்டுவானுக்கு ஒருக்காத் தள்ளாமல் போய்ச் சேர்ந்ததை நான் காணேல்லை" என்றார்.

பரராசசிங்கத்தாரின் காதுக்கு இது எட்டவில்லை. தன் காதுக்கு எவை எட்ட வேண்டும் என்பதை அவரே தெரிவு செய்வார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் முகாமையாளராகக் கதிரையைத் தேய்த்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிடைத்தது சமாதான நீதவான் பட்டம். அகில இலங்கைக்கும் செல்லுபடியாகும் அவரது கையொப்பத்தைப் புளியங்கூடலுக்கு வெளியே இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மிஞ்சியிருந்தது கார். தகப்பனார் பதுளையில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிய கார். அதற்குப் பாராட்டு விழா எடுப்பது என்று முடிவானதும் பாராட்டு மலர் ஒன்றும் அச்சாகியது. அறுபத்து நான்கு பக்கம், பதினைந்து வாழ்த்துரை. அவற்றில் பதினொன்றை, வாழ்த்துகிறவர்களின் வேலைப்பளுவை உத்தேசித்து, பரராசசிங்கத்தாரே எழுதிக் கையொப்பம் மட்டும் வாங்கியிருந்தார்.

ஆறு மைலையும் அவர் காசிக்குப் போய்த் திரும்புகிறவன் கங்கைத் தீர்த்தத்தைக் காப்பது போலக் காத்து வந்தார். காருக்கு மேலே கட்டில் விரிப்பு. பக்கத்தில் ஒருவரும் சாயக் கூடாது. புதிதாக மருதாணிச் சிவப்பில் பூசப்பட்டிருந்த அதை நாளுக்கு மூன்று தரம் சுற்றி வருவார். அவர் மனைவி சரோஜினிதேவி அதைத் தூரத்தில் நின்று பார்ப்பாள். பக்கத்தில் வந்ததன் பலனை அவள் போன கிழமைதான் கண்டிருந்தாள்.

பெயின்ற் பூசுகிற போது கழன்று விழுந்த ஆணி ஒன்று மணலுக்குள் கிடந்து அவளுடைய வலக்கால் பெருவிரலில் ஏறியது. சீனி வருத்தக்காரி, பல வருஷ நீரிழிவில் காலில் உணர்ச்சி குறைவு. மறுநாள் கால் கழுவுகிற போதுதான் கண்டாள். பரராசசிங்கத்தார் பதறிப் போய் ஓடி வந்து அதைப் பிடுங்கி எடுத்தார். "அசல் ஒஸ்ரின் ஆணியப்பா! இதை இனி எங்கை தேடுறது!" அவர் ஆணியைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிப் போத்தலில் போட்டார். காலைச் சரோஜினிதேவி கழுவிக் கொண்டாள்.

வியாழக்கிழமை, வீடு வீடாக வந்து வருத்தக்காரரைப் பார்க்கிற தாதி, மிஸ்ஸி பிரேமினி, துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பெரியாசுப்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள். "அம்மா, இண்டைக்கே யாழ்ப்பாணம் போங்கோ. நாளைக்கு எண்டு வையாதேங்கோ."

"இஞ்சருங்கோ, மிஸ்ஸி இண்டைக்கே போகட்டாம். விரல் கறுத்துப் போச்சு. சுணங்கினால் மேலை ஏறுமாம்" என்று சரோஜினிதேவி புருஷனிடம் சொன்னாள்.

பரராசசிங்கத்தார் வெற்றிலைத் தட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "என்ன ஏறும்?"

"பழுது."

அவர் யோசித்தார். யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. போனால் வேலணைக்கு அங்காலேயே மீற்றர் சுழியத்துக்கு விழுந்துவிடும். அந்தப் பொன்னான நேரத்தில் அதைப் பார்க்க அங்கே யார் இருப்பார்கள்? இரண்டு மாடும் ஒரு கொக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை போவம்" என்றார்.

"அப்ப எனக்கொரு ஓட்டோ பிடிச்சுத் தாங்கோ."

"ஓட்டோவோ!" தட்டம் ஒன்று கைதவறி விழுந்தது. "பத்து லட்சம் மைல் ஓடின கார் வாசலிலை நிக்க, அதின்ரை சொந்தக்காரன்ரை பெண்சாதி ஓட்டோவிலை போனால் சனம் என்ன நினைக்கும்? கார் ஓடாது எண்டெல்லோ நினைக்கும்!"

"ஓடாதுதானே."

"ஓடும்! ஞாயிற்றுக்கிழமை ஓடும்!"

"பஸ்ஸிலை போறன்."

"பஸ்ஸிலை நாலு பேர் என்ன ஏது எண்டு விடுப்புக் கேப்பினம். ஒரு விரல். அதுவும் காலிலை. மூண்டு நாள் பொறுக்க ஏலாதோ உமக்கு? நான் இந்த மைலுக்காக எத்தினை வருசம் பொறுத்திருக்கிறன்."

சரோஜினிதேவி நாற்பத்திரண்டு வருஷம் பேசிப் பார்த்தவள். குசினிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ரியாம்பிள்ளை வந்தான். நாரந்தனையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பார்க்கிறவன். நாற்பது வருஷமாக இந்தக் காரையும் செத்துப் போக விடாமல் வைத்திருக்கிறவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்தே அதை உயிர் பிழைக்கப் பழக்கியவன். இப்போது அதற்குள் மூன்று செத்த ஏ-40களின் உறுப்புகள் இருந்தன. றேடியேற்றர் குழாய் ஒரு மீன்பிடி வள்ளத்தினுடையது, ஹோர்ன் ஒரு ஐஸ்கிறீம் வானினுடையது. இந்த விவரங்கள் மலரில் இல்லை. பஸ்ரியாம்பிள்ளையும் மலரில் இல்லை.

பொனெற்றைத் திறக்கிறதற்கு முதலே அவன் கேட்டான். "அக்காவின்ரை கால் மணக்குது ஐயா. ஏன் இன்னும் கொண்டு போகேல்லை?"

பரராசசிங்கத்தார் மீற்றர் விஷயத்தை விளக்கினார். பஸ்ரியாம்பிள்ளை கையில் இருந்த சாவியால் பிடரியைச் சொறிந்தான்.

"ஐயா, கோவியாதேங்கோ. நீங்கள் யாழ்ப்பாணமில்லை, கொழும்புக்குப் போய் வந்தாலும் உது ஒரு மைலும் ஏறாது."

"என்ன கதைக்கிறீர்?"

"மீற்றர் கேபிள் தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை அறுந்தது. பிறகு போடேல்லை. சாமான் இல்லை."

"அப்ப எப்படி ஓடினது? நான் வருசா வருசம் பார்த்தனான்!"

"சேர்விஸுக்கு விடேக்குள்ளை நான்தான் மீற்றரை டிறில் மிசினிலை பூட்டிச் சுத்தி விடுறனான். எண் ஏறாட்டில் நீங்கள் முகத்தைத் தொங்கப் போடுவியள். பாக்கப் பாவமாயிருக்கும். ஒருக்கா டிறில்லை ஓட விட்டிட்டு அசந்து போனன். எழும்பேக்குள்ளை ஒரு கொழும்புப் பயணம் போய் வந்த மைல் ஏறிக் கிடந்தது. நீங்கள் அந்த முறை எனக்கு வேட்டியும் சால்வையும் தந்தனீங்கள்."

பரராசசிங்கத்தார் கதிரையில் இருந்தார். அவர் கண் முன்னே சந்திரன் மெல்ல மெல்லத் தூரப் போயிற்று. பஸ்ரியாம்பிள்ளை குரலைத் தணித்தான்.

"நல்லதுக்குத்தான் சொல்லுறன் ஐயா. அக்காவை ஏத்துங்கோ, இப்பவே போய் விட்டிட்டு வருவம். மீற்றர் அப்பிடியே நிக்கும்."

ஒரு நிமிஷம் பரராசசிங்கத்தார் எழும்பத்தான் பார்த்தார். பிறகு அவருக்கு அறிவித்தல் ஞாபகம் வந்தது. 99,994 என்று மூன்று இடத்தில் ஒட்டியாகிவிட்டது. கார் யாழ்ப்பாணம் போய் வந்ததை வேலணை முழுக்கக் காணும். கண்டவன் கூட்டிப் பார்ப்பான். தீவார் கணக்கில் கெட்டிக்காரர்.

"உமக்கு விசர்" என்றார். "மலர் அச்சிலை வந்திட்டுது."

"மலரை விடுங்கோ ஐயா, கால்..."

"அச்சிலை வந்தது பொய்யாகாது! நீர் ஒரு கேபிள் தேடிப் பூட்டும். ஞாயிற்றுக்கிழமை அது தன்ரை பாட்டிலை சுத்த வேணும். விழா முடிஞ்ச கையோடை, கோயில் வாசலிலை இருந்து, மாலையோடை, இதே காரிலை அவவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவன். பதினோராவது லட்சத்தின்ரை முதல் பயணம்!" சொல்லச் சொல்ல அவருக்கே அது பிடித்துப் போயிற்று. நிகழ்ச்சி நிரலில் பேனையால் எழுதிச் சேர்த்தார்.

சனிக்கிழமை சரோஜினிதேவிக்குக் காய்ச்சல். பரராசசிங்கத்தார் அறைக்குள் மூன்று சந்தனக்குச்சி கொளுத்தி வைத்தார். கனடாவில் இருந்து மகன் துஷ்யந்தன் வீடியோவில் வந்தபோது காரைக் காட்டினார்.

"அம்மா எங்கை அப்பா?"

"களைச்சுப் போய்ப் படுத்திருக்கிறா. விழா அலுவல் கொஞ்சமோ?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஊர்வலம், சரியாக ஆறு மைல் சுற்றிக் கோயிலில் முடிகிற மாதிரி, வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டது. முன்னுக்கு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நாதஸ்வரமும் தவிலும். அதன் பின்னே கார், மூக்கை மூடி ஆளுயர மாலை. ஓட்டுநர் ஆசனத்தில் பரராசசிங்கத்தார், தலைப்பாகை, பட்டுச் சால்வை. தம்பதி சமேதராய் என்று மலரில் அச்சாகியிருந்தபடியால் பின் ஆசனத்தில் கூறைச் சேலையோடு சரோஜினிதேவி. கால் தெரியாமல் சரிகைத் துணியால் மூடியிருந்தது. பின்னே, பஸ்ரியாம்பிள்ளையின் மகன் டெனிஸ்ரனின் ஓட்டோ, தலையில் ஒலிபெருக்கி. அதற்குள் பஸ்ரியாம்பிள்ளையும் பெண்சாதி ஞானசவுந்தரியும்.

கேபிள் வேலை செய்தது. 99,995. 99,996. ஒவ்வொரு மைலுக்கும் ஒலிபெருக்கி கத்தியது, சனம் கைதட்டியது. பரராசசிங்கத்தாருக்கு டிறில் கதை ஒரு கெட்ட கனவு போலத் தோன்றத் தொடங்கியது. மூன்றாவது மைலில் அதை அவர் மறந்தே போனார்.

நாலாவது மைலில் பஸ்ரியாம்பிள்ளை ஓடி வந்து யன்னலைப் பிடித்தான். "ஐயா, மாலையைக் கழட்டுங்கோ! றேடியேற்றருக்குக் காத்துப் படேல்லை. நடை வேகத்திலை போனால் கொதிக்கும்!"

"மாலையைக் கழட்டுறதோ? படம் எடுக்கிறாங்கள், அங்காலை போம்!"

"இஞ்சருங்கோ" என்றது பின்னால் ஒரு குரல். "என்னை இறக்கி விடுங்கோ. எனக்கு நடுங்குது."

"இன்னும் ரண்டு மைல். சனத்துக்குக் கையைக் காட்டும்."

அவள் காட்டினாள். காய்ச்சல் நடுக்கத்தில் கை தானாகவே ஆடியது. வழியில் நின்றவர்கள், வயது போன காலத்திலும் மனுசிக்கு என்ன உற்சாகம் என்று பேசிக்கொண்டார்கள்.

99,999 விழுந்து அரை மைலுக்கு மேல் போனபோது, கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மாலைக்குள் இருந்து வெள்ளைப் புகை எழுந்தது. சிலர் சாம்பிராணி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. பஸ்ரியாம்பிள்ளை பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"ஹெட் வெடிச்சிட்டுது. இது இனி இண்டைக்கு எழும்பாது." அவன் பின் கதவைத் திறந்தான். "அக்கா, வாங்கோ ஓட்டோவுக்கு."

"கதவைச் சாத்தும்!" பரராசசிங்கத்தாரின் சத்தத்தில் தவில் நின்றது. "மணி பன்னிரண்டு அஞ்சு. தள்ளுங்கோ! தள்ளினாலும் சில்லுச் சுத்தும், சில்லுச் சுத்தினால் மீற்றர் சுத்தும்!"

"ஐயா, மனுசி..."

"அவ இறங்கினால் சோடி குலைஞ்சு போம். கால் மைல்தானே!"

சனம் தள்ளியது. மதிய போசனம் கோயில் மண்டபத்தில் இருந்தபடியால் உற்சாகமாகவே தள்ளியது. எஞ்சின் செத்த கார், நாதஸ்வரத்தின் பின்னே, ஆளுக்கொரு கை வைக்க, மெல்ல மெல்ல உருண்டது. பரராசசிங்கத்தார் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி மீற்றரை விட்டுக் கண் எடுக்கவில்லை. பின் ஆசனத்தில் பேச்சு நின்று போயிருந்ததை அவர் ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

12.14க்கு, கோயில் வாசலில், ஐந்து ஒன்பதும் ஒன்றாகப் புரண்டன. 00000.

வெடி கொளுத்தினார்கள். பரராசசிங்கத்தார் அழுதுவிட்டார். ஒவ்வொருவராக யன்னலுக்குள் தலையை விட்டு மீற்றரைப் பார்த்தார்கள். மீற்றரில் ஐந்து சுழியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. "புதுக்கார் மாதிரிக் கிடக்கு" என்றார் ஒருவர். பிரதம விருந்தினர் மலரை வெளியிட்டு, இயந்திரத்தையும் உயிராக மதிக்கிற ஒரு மனிதரைத் தாம் இன்றுதான் கண்டதாகச் சொன்னார்.

அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஞானசவுந்தரி மறுபக்கக் கதவால் சரோஜினிதேவியை இழுத்து எடுத்தாள். டெனிஸ்ரன் ஒலிபெருக்கியைக் கழற்றித் தெருவோரம் வைத்துவிட்டு ஓட்டோவைத் திருப்பினான். சரிகைத் துணி கழன்று விழுந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

பரராசசிங்கத்தார் அதைக் கண்டார். ஓட்டோவில் தன் மனைவி போவதைச் சனம் பார்க்கிறதே என்று அவருக்கு ஒருகணம் சங்கடமாக இருந்தது. பிறகு பதிலுரை சொல்லக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிஷம் பேசினார். தம்பு ஓதுவார் வாழ்த்துப் பாடி முடிய, சாப்பாடும் முடிந்து, ஒரு லொறி பிடித்து அவர் பெரியாசுப்பத்திரிக்குப் போய்ச் சேர நாலு மணியாகிவிட்டது. டொக்டருக்குக் கொடுக்க ஒரு மலரும் கொண்டு போயிருந்தார்.

டொக்டர் மலரை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வலக்காலை முழங்காலுக்கு மேலே எடுத்தாயிற்று என்றார். வியாழக்கிழமை வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும்.