மறந்துபோன இறக்கை

செயற்கைக்கோள்கள் தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. அன்று, நான் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்தை விட்டு ஒரு செயற்கைக்கோள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. என் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எரிபொருள் கசிந்து கோளைத் தள்ளுகிறது என்று பிரிவுத் தலைவரிடம் அடித்துச் சொன்னேன்.

"டேங்க்ல அழுத்தம் குறையலையேப்பா," என்றார்.

"மீட்டர்ல தெரியாத அளவுக்குச் சின்னக் கசிவு சார்."

சொன்ன தோரணையில் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பியவர்களையும் திரும்ப உட்காரவைத்து, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார்கள். கோள் அதுபாட்டுக்கு விலகிக்கொண்டே இருந்தது. எரிபொருள் பிரிவுப் பெண்ணுக்கு 'அப்புறம்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்பாள். என் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எந்தப் பக்கமா தள்ளுது?"

"சூரியனுக்கு எதிர்ப்பக்கமா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்புறம்?"

அப்புறம் எனக்கு வியர்த்தது. வெளிச்சம் தான் படும் பொருளைத் தள்ளும். உள்ளங்கையில் விழும் வெயிலின் தள்ளல் ஒரு மணல் துகளின் எடைகூட இருக்காது. ஆனால் காற்றில்லாத வெளியில், அகலமான தகட்டின்மேல், ஓயாமல் தள்ளினால் கோளே நகரும். இதையெல்லாம் கணக்கில் சேர்த்திருந்தேன். இரண்டு பக்கமும் இறக்கையாக விரிந்திருந்த சூரியத் தகடுகளில் ஒன்றைத்தான் சேர்க்க மறந்திருந்தேன்.

தலைவரிடம் போனேன். "கசிவு இல்ல சார். வெயில். ஒரு றெக்கையை விட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "வால்வெல்லாம் தொறக்கணும். நீயே போய்ச் சொல்லிடு."

மேசை மேசையாகப் போய் என் புத்திசாலித்தனத்தை நானே விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு நான் வெளியேறும்வரை பொறுத்திருந்தார்கள். கணக்கைத் திருத்தியதும் கோள் சொன்ன இடத்தில் சமர்த்தாக நின்றது.

வீட்டில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மனைவி முழுக்கதையையும் கேட்டாள்.

"வெயிலுக்கு அவ்ளோ பலமா? காலையில மூஞ்சில சுள்ளுன்னு அடிச்சும் உங்கள படுக்கைய விட்டு ஒரு இஞ்ச் தள்ள முடியலையே."

உள்ளங்கை, தகடு, காற்றில்லாத வெளி என்று ஆரம்பித்தேன். மகள் அதற்குள் அம்மா பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.