பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்

அக்-ஜார் என்ற மலையூர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்தாம் வகுப்பிலேயே இருந்தது. அதில் யாரும் மக்கு இல்லை. ஈய ஆலைக்காரர்கள் ஆலையைப் பூட்டிக்கொண்டு போனபோது, புகைபோக்கி கக்கிய ஈயத்தை மட்டும் பள்ளி மைதானத்தில் விட்டுப் போனார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இடைவேளையிலும் வெளியே விடாமல் ஆசிரியர்கள் ஜன்னலோரம் நிறுத்தினார்கள். பத்தாம் வகுப்புச் சாய்கலின் தங்கை ஜானிலுக்கு, உடம்பில் ஈயம் ஏறியதற்கு அடையாளமாக, ஈறில் நீலக்கோடு விழுந்திருந்தது. சூரியகாந்தி வேர் ஈயத்தை உறிஞ்சும் என்று சாய்கல் ஒரு பழைய இதழில் படித்தாள். மறுவாரமே வகுப்பு முழுவதையும் மண்வெட்டியோடு மைதானத்தில் இறக்கினாள். மண்ணைச் சோதிக்க நகரத்திலிருந்து வந்த அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்ல வேலதான். ஆனா முப்பது வருஷம் ஆகும். அதுக்குள்ள நீங்கெல்லாம் பிள்ளகுட்டியோட இருப்பீங்க."

"அப்ப இது முடியிற வரைக்கும் நாங்க பத்தாம் வகுப்ப விட்டுப் போகல," என்றாள் சாய்கல்.

உடம்புகள் அதைக் கேட்டுக்கொண்டன. அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாருக்கும் வயது ஏறவில்லை. மருத்துவர் வந்து உயரம் அளந்தார், ஆரோக்கியம் என்றார், ஆட்டுச் சூப்பு குடித்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் உடுப்பு எடுக்கும் செலவு இல்லையென்று பெற்றோருக்கு உள்ளூர மகிழ்ச்சி. சூரியகாந்தி விதை கொறிக்காமல் பேருந்துகூட ஏறாத ஊர் அது. அதனால் ஈயம் ஏறிய விதையை யாரும் பறித்துத் தின்னாதபடி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு பூவுக்கும் துணிப்பை கட்டினார்கள். இலையுதிர் காலத்தில் தண்டுகளை அறுத்துக் கொட்டகையில் பூட்டினார்கள். மண்ணில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஏழாம் ஆண்டுக் குளிரில் மின்சாரம் போயிற்று. சாய்கலின் அப்பா ஜுமாபெக்கும் அக்கம்பக்கத்தாரும் கொட்டகையை உடைத்துத் தண்டுகளை அடுப்பில் வைத்தார்கள். புகை பனியோடு சேர்ந்து மைதானத்தில் இறங்கியது.

"அதுல இருந்தது ஈயம்ப்பா!"

"தண்டும்மா, வெறும் சூரியகாந்தித் தண்டு! எங்கப்பன் எரிச்சான், நானும் எரிச்சேன். விறைச்சுச் சாகவா சொல்ற?"

வசந்தத்தில் மண்ணைச் சோதித்தால், முதல் ஆண்டுக் கணக்கே திரும்ப வந்தது. சாய்கல் ஆத்திரம் தீர அழுதாள். அழுது முடித்து விதை மூட்டையை அவிழ்த்தாள்.

பக்கத்து மேசை தலாந்த் மட்டும் மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவன் மேல் சாய்கலுக்கு ஆசை. அது அவனுக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். "என்னால முடியாதுடி. எனக்கு மீச வேணும்."

"போடா, போய் வச்சிக்கோ."

பள்ளி வாசலைத் தாண்டியவனுக்குப் பேருந்து நிறுத்தம் வருவதற்குள் மீசை வந்துவிட்டது. பிறகு அவன் லாரி ஓட்டினான், கல்யாணம் செய்தான், தொப்பை போட்டான். வாரம் தவறாமல் செடிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அறுத்த தண்டுகளை இனி யார் அடுப்புக்கும் போகாதபடி, மலைக்கு அப்பால் சிமெண்ட் குழியில் அவனே கொண்டுபோய்க் கொட்டினான். "டேய் மொட்ட, குழாயத் தெறடா," என்று சாய்கல் கத்துவாள், அவன் திறப்பான். தங்கை ஜானிலின் மகள் சாய்கலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தேறினாள், போனாள். அவளுக்குப் பின் வேறு பிள்ளைகள் வந்தார்கள். சாய்கல் விதைத்தாள், அறுத்தாள், மறுபடி விதைத்தாள்.

ஒரு மே மாதத்தில் மண் சுத்தம் என்று சோதனை முடிவு வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெறுங்காலோடு மைதானத்தில் ஓடினார்கள். அதில் தலாந்தின் பேத்தியும் இருந்தாள். லாரியிலிருந்து இறங்கிய அவன் மூச்சு வாங்கியபடி சாய்கல் அருகே வந்து நின்றான்.

"என்ன சாய்கல், இனிமே வளருவியா?"

சாய்கல் அவன் நரைத்த மீசையைப் பார்த்தாள். டேய் என்று வந்த சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"வளருவேன், அண்ணே," என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு லாரிக்குப் போனான். செப்டம்பரில் அந்த வகுப்பு பதினோராம் வகுப்புக்குப் போனது. சாய்கலுக்குப் பழைய காலணி கடித்தது, புதிது வாங்கினார்கள்.