விலாசத்தில் ஒரு வரி

தெரணியகலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே என் கடை. போட்டோக் கொப்பி, ஃபோன் ரீலோட், வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுப்பேன். பதினோரு வருஷமாக ஊரார் தகுதிகளை டைப் அடித்து அடித்து, கம்பெனிக்காரர்கள் எந்த வரியை முதலில் பார்ப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கும் விஜயகலாவுக்கு உயர்தரப் பரீட்சையில் கணக்கீட்டுக்கு ஏ. கேகாலைக் கம்பெனி ஒன்று கணக்கு உதவியாளர் வேண்டுமென்று ஒரே விளம்பரத்தை மூன்று முறை போட்டது. முதல் இரண்டு முறையும் அனுப்பினாள். ஒரு பதிலும் இல்லை. மூன்றாம் முறை விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரையும் லயத்து இலக்கத்தையும் நானே அழித்துவிட்டு, என் கடை விலாசத்தைப் போட்டேன்.

"அடையாள அட்டையக் கேட்டா, அதுல லயத்து விலாசந்தானே இருக்கு, என்னங்க செய்றது, ஹபீஸா அக்கா?"

"முதல்ல உன்னைக் கூப்பிடட்டும்" என்றேன்.

நாலாம் நாள் கம்பெனி மேனேஜரே கடைக்கு ஃபோன் எடுத்தார். விஜயகலா பக்கத்தில்தான் நின்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்னார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மனுஷன் அதோடு ஃபோனை வைத்திருக்கலாம்.

"டவுன் பிள்ளைதானே? தோட்டத்து ஆட்கள் நமக்குச் சரிவராது" என்றார் சிங்களத்தில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பாடத்தில் சரிவராது என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் கோபம் என்னுடையது, வேலை அவளுடையது. "ஓவ், டவுன்தான்" என்று சிங்களத்திலேயே ஆமாம் போட்டு, சிரித்து வேறு வைத்தேன்.

நான் ஃபோனை வைத்ததும் விஜயகலா கேட்டாள்:

"வேல கெடச்சா, அங்க தெனமும் நானும் இப்படித்தான் சிரிக்கணுங்களா அக்கா?"

வெட்கமாகப் போய்விட்டது.

அவள் தன் ஃபோனிலிருந்து மேனேஜரின் அதே இலக்கத்துக்கு அழைத்தாள். தோட்டத்தின் பெயர், லயத்து இலக்கம், அப்பா முத்துவீரன் அங்கே ரப்பர் பால் வெட்டுகிறவர் என்று எல்லாவற்றையும் என்னைவிடத் திருத்தமான சிங்களத்தில் சொன்னாள். இதே பரீட்சைப் பெறுபேற்றை ஏற்கனவே இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன், அப்போது ஏன் கூப்பிடவில்லை என்றும் கேட்டாள். குரல் உயரவே இல்லை.

திங்கட்கிழமை வரவேண்டாம், பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

விஜயகலா ஃபோனைப் பைக்குள் போட்டாள். "மொதல்ல கூப்பிட்டது அவருதானே. திங்கக்கிழம நான் போறேங்க" என்றாள்.

இந்தத் திங்கட்கிழமை என் கடையைத் திறக்கப்போவதில்லை. நானும் அவளோடு போகிறேன். அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, ஃபோனில் நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும்.