மூன்று முறை விழுந்த வரி

இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரங்களின் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமைத் துப்புரவு செய்கிறேன் என்று கிளம்பினான் அவன். அதன் பதிவேடான லாக்கில் விழும் செய்திகள் கண்றாவியாக இருந்தன. "இணைப்பு அறுந்தது" என்ற ஒரே வரி ஒவ்வொரு தடவையும் மூன்று முறை விழுந்தது. ஒரு முறை சொன்னால் புரியாதா என்று இரண்டை வெட்டி எறிந்தான். சரிபார்க்க வேண்டியவர் அவனுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று தலையாட்டிவிட்டார்.

இணைப்பு அறுந்தால் 'நில்' என்ற உத்தரவு இயந்திரத்துக்குப் போகாது. அப்போது உள்ளே கையை விடாதே என்று எச்சரிக்கத் தொழிற்சாலையில் ஒரு மணி வைத்திருந்தார்கள். அந்த வரி மூன்று முறை வந்தால்தான் மணி அடிக்கும். இது இவர்கள் இருவருக்குமே தெரியாது. நேற்று இணைப்பு அறுந்தது. மணி அடிக்கவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கையை உள்ளே விட்ட ஆபரேட்டரின் வலது கை மணிக்கட்டோடு நசுங்கிப் போனது.

இன்று காலை டீ நேரத்தில் ஆபரேட்டரின் அண்ணன் வந்தான். வெல்டர். கையில் புரோகிராமின் முதல் பக்கம், அதன் தலையில், அதை முதன்முதலில் எழுதிய மாமாவின் பெயர்.

"இந்தப் பேரு யாரோடது?"

"என்னோடதுதான்" என்றார் மாமா.

முதல் அடியில் கண்ணாடி பறந்தது. அடுத்ததில் மூக்கு உடைந்தது. மற்றவர்கள் வெளியே ஓடி செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். இவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடி வாங்குவதோடு போகாதே, வேலை போகும், போலீஸ் வரும் என்று கணக்குப் போட்டான் அந்தத் தொடைநடுங்கி.

"மயக்கம் தெளிஞ்சதும் என் கை எங்கேன்னு கேக்குறான்டா என் தம்பி! நான் என்னடா சொல்றது?"

வெல்டர் அழுதுகொண்டே மிதித்தான். கீபோர்டைப் பிடுங்கி மாமாவின் மண்டையில் அடித்தான். எழுத்துக் கட்டைகள் தெறித்துச் சிதறின. தவழ்ந்து மேசைக்கடியில் நுழையப் போனவரைக் காலைப் பிடித்து இழுத்தான்.

"அவர் இல்ல!" இவனுக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. "அந்த வரிய எடுத்தது நான்தான்!"

ஓங்கிய கை நின்றது. வெல்டர் இவனை மேலும் கீழும் பார்த்தான். "இவ்வளவு நேரம் நின்னு வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்த?" என்று காறித் துப்பினான். அடிக்கக்கூட இல்லை. செக்யூரிட்டிக்காரர்கள் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இவன் ஓடிப்போய் மாமாவைத் தூக்கி நிறுத்தினான். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"மாமா..."

"அந்தாளு புரோகிராம நீட்டி யாரு பேருன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும், அது உன் வேலைன்னு. நீயா வாயத் திறப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"பதினோரு அடி, மாப்ள."